2147483647: செல்போன் நம்பர் முதல் போயிங் விமானம் வரை... கம்ப்யூட்டர்களை முட்டி நிற்க வைக்கும் ஒரே எண்! 2038-ல் என்ன ஆகும்?

உங்க செல்போன் நம்பரை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. 6, 7, 8, 9 இதில் ஏதோ ஒன்றில் தொடங்கும் 10 இலக்க எண். இப்போ முதன்முறையாக வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்ளும் ஒரு மாணவர், அந்த நம்பரை வாங்கி டேட்டாபேஸில் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொபைல் நம்பர்தானே, எண்தானே என்று சாதாரண முழு எண்ணுக்கான கட்டத்தில் போட்டுவிடுகிறார். மறுநாள் திறந்து பார்த்தால் அதிர்ச்சி. 50 பேர் பதிவு செய்திருக்கிறார்கள், 50 பேருக்கும் ஒரே செல்போன் நம்பர்!

அந்த நம்பர்: 2147483647.

மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ்களில், கெடுபிடி குறைவாக செட் செய்திருந்தால் அப்படியேதான் நடக்கும். கம்ப்யூட்டர் படித்தவர்களில் பலருக்கு இந்த எண்ணோடு முதல் அறிமுகம் இப்படித்தான். வாய்விட்டுச் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. யாரோ கண்ணை மூடிக்கொண்டு எழுதிய மாதிரி இருக்கும் இந்த எண்தான் யூடியூபை யோசிக்க வைத்தது, விமானத்தின் மின்சாரத்தை நிறுத்தக்கூடியது என்று அதிகாரிகளை எச்சரிக்கை விட வைத்தது. 2038-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உலகம் முழுக்க பழைய கருவிகளுக்குள் மறுபடியும் வந்து நிற்கப்போகிறது.

அதோடு கதை முடியவில்லை. கம்ப்யூட்டர் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், 250 ஆண்டுகளுக்கு முன்பே, இதே எண்ணை ஒருவர் தலையால் தண்ணி குடித்து ஆராய்ந்திருக்கிறார். என்ன விஷயம்? வாங்க பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது இந்த எண்?

சதுரங்கக் கட்டத்தில் நெல் வைக்கும் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் 2, அதற்கடுத்து 4, அப்புறம் 8 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போகணும். பலகையில் மொத்தம் 64 கட்டங்கள். பாதிக்கு ஒன்று குறைவாக, 31 கட்டங்களை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்தினால் பலகையில் இருக்கும் மொத்த நெல் மணிகள் எத்தனை தெரியுமா? சரியாக 2147483647.

கணக்கு எளிதுதான். 1+2 என்றால் 3. அதாவது 4-க்கு ஒன்று குறைவு. 1+2+4 என்றால் 7. 8-க்கு ஒன்று குறைவு. எத்தனை கட்டம் போனாலும், அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டியதைவிட ஒன்று குறைவாகத்தான் கையில் இருக்கும். ஆக, 2-ன் 31-ம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் நம்ம எண்.

கம்ப்யூட்டரும் இதே மாதிரிதான் எண்ணுகிறது. வரிசையாக சுவிட்சுகள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு மதிப்பு: 1, 2, 4, 8, 16... 31-வது சுவிட்சின் மதிப்பு 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824. ஆன் ஆகியிருக்கும் சுவிட்சுகளின் மதிப்பைக் கூட்டினால் அதுதான் அந்த எண். இந்த சுவிட்சைத்தான் 'பிட்' என்கிறார்கள்.

பல ஆண்டுகளாக ஒரு எண்ணுக்கு 32 பிட் என்பதுதான் கம்ப்யூட்டர் உலகில் சாதாரண ஒதுக்கீடு. அதில் 31 சுவிட்சுகள் எண்ணுக்கு. இடது ஓரத்தில் இருக்கும் கடைசி சுவிட்ச் மட்டும் வேறு வேலைக்கு: அது ஆன் ஆனால் எண் மைனஸ். பேங்க் பேலன்ஸும் வேணும், கடனும் வேணும் இல்லையா? அதற்காகத்தான்.

ஆக, மைனஸ் சுவிட்சைத் தொடாமல் மற்ற 31-ஐயும் ஆன் செய்தால் கிடைப்பது 2147483647. அதற்கு மேல் இடமில்லை.

ஒன்று கூட்டினால் என்ன ஆகும்?

பழைய ஈ.பி. மீட்டரில் 9999-க்கு அப்புறம் 0000 வரும் அல்லவா? சக்கரங்கள் எல்லாம் சுற்றி, அடுத்த இலக்கத்துக்கு இடமில்லாமல் போய்விடும். இங்கேயும் அதே கதைதான். ஆனால் விபரீதம் கொஞ்சம் அதிகம்.

31 சுவிட்சும் ஆனில் இருக்கும்போது ஒன்றைக் கூட்டினால், 31-ம் ஆஃப் ஆகி, பக்கத்தில் சும்மா இருந்த மைனஸ் சுவிட்ச் ஆன் ஆகிவிடும். மீட்டர் பூஜ்ஜியத்துக்குப் போகாது. நேராக மைனஸ் 2147483648-க்குப் போய்விடும்! உச்சியில் நின்றவர் ஒரு அடி எடுத்து வைத்ததும் அதலபாதாளத்தில் இருப்பது போல.

எல்லா சாஃப்ட்வேரும் இப்படிப் புரண்டுவிடாது. சில நின்றுவிடும், சில பிழை காட்டும், சில நம்ம மாணவரின் டேட்டாபேஸ் மாதிரி 'இதுக்கு மேல போக மாட்டேன்' என்று 2147483647-ஐயே எழுதி வைக்கும். இந்தியாவின் மிகச் சிறிய மொபைல் நம்பர்கூட 600 கோடியில்தான் தொடங்குகிறது. அதனால் நம் நாட்டு செல்போன் நம்பர் ஒன்றுகூட அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

248 நாள்... விமானத்தில் மின்சாரம் போகும்!

கேட்க விளையாட்டாக இருக்கலாம். ஆனால் 2015-ல் இது விளையாட்டாக இல்லை.

அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ஒரு உத்தரவை அமலுக்குக் கொண்டுவந்தது. போயிங் 787 ட்ரீம்லைனர் விமானத்தின் மின் அமைப்பு, ஒருமுறைகூட அணைக்கப்படாமல் தொடர்ந்து 248 நாட்கள் ஓடினால், ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் நான்கு கருவிகளும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடலாம். அப்படிப் போனால் விமானத்தின் ஏ.சி. மின்சாரம் முழுவதும் நின்றுவிடும். விமானம் தரையில் நின்றாலும் சரி, நடுவானில் பறந்தாலும் சரி. காரணம், அந்தக் கருவிகளுக்குள் ஓடும் சாஃப்ட்வேர் கவுண்டர் நிரம்பி வழிவதுதான் என்றது உத்தரவு.

அது என்ன 248 நாள்? ஒரு விநாடியை 100 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று என எண்ணுங்கள். ஒரு நாளைக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் வரும். 2147483647-ஐ அதால் வகுத்தால் 248.55. அதாவது 248 நாள், 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். உத்தரவு இந்தக் கணக்கை விளக்கவில்லை. ஆனால் 248 என்றதுமே உலகம் முழுக்க இருந்த புரோகிராமர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

நல்ல வேளையாக, இது பறக்கும் விமானத்தில் நடந்த சம்பவம் அல்ல. ஆய்வகச் சோதனையில் பிடிபட்டது. பயணிகள் விமானம் எட்டு மாதம் ஒருமுறைகூட அணைக்கப்படாமல் இருப்பது அபூர்வம்தான். சாஃப்ட்வேரை மாற்றும் வரைக்கும் சொல்லப்பட்ட தீர்வு என்ன தெரியுமா? குறிப்பிட்ட இடைவெளியில் மின்சாரத்தை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். வீட்டில் வைஃபை வேலை செய்யாவிட்டால் நாம் செய்வதேதான்!

கங்ணம் ஸ்டைல் யூடியூபை உடைத்ததா?

பாதி உண்மை. தென்கொரியப் பாடகர் சைய்-யின் 'கங்ணம் ஸ்டைல்' வீடியோ 2012 ஜூலையில் வெளியானது. அது பார்வை எண்ணிக்கையில் 2147483647-ஐத் தாண்டியதாக 2014 டிசம்பரில் யூடியூப் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. ஒரு வீடியோவை இத்தனை முறை பார்ப்பார்கள் என்று நினைக்கவே இல்லை என்று அவர்களே கிண்டலாகச் சொன்னார்கள். உடனே 'யூடியூபே உடைஞ்சு போச்சு' என்று உலகம் முழுக்க செய்தி பறந்தது.

உண்மையில் எதுவும் உடையவில்லை. வீடியோ எல்லையை நெருங்குவதை இன்ஜினியர்கள் முன்கூட்டியே கவனித்து, கவுண்டரை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதிய எல்லை 9223372036854775807. இதைத் தொடும் அளவுக்கு ஒரு பாட்டு ஹிட் ஆக வாய்ப்பில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

முன்கூட்டியே கவனிக்காதவர்களும் உண்டு. செஸ்.காம் தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரிசையாக ஒரு எண் கொடுப்பார்கள். 2017 ஜூனில் அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தாண்டியது. அவ்வளவுதான், பழைய 32 பிட் ஐபேட், ஐபோன் வைத்திருந்தவர்களால் ஆட முடியவில்லை. புதிய போன்களில் ஒரு பிரச்னையும் இல்லை. அடுத்த வருடம் நவம்பரில் பேஸ்கேம்ப் என்ற அலுவலகப் பணிகளுக்கான சேவையும் இதே எண்ணில் முட்டிக்கொண்டது. பல மணி நேரம் பழையதைப் படிக்க முடிந்ததே தவிர, புதிதாக எதையும் எழுத முடியவில்லை.

கம்ப்யூட்டருக்கு முன்பே பிரபலம்!

இப்போ கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 17-ம் நூற்றாண்டு, பிரான்ஸ். மரின் மெர்சென் என்ற துறவிக்கு எண்கள் மீது தீராத ஆசை. 2-ன் அடுக்கு ஒன்றை எடுத்து, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் எப்போதெல்லாம் பகா எண் கிடைக்கும்? இதுதான் அவரது கேள்வி.

பகா எண் ஞாபகம் இருக்கா? 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுக்க முடியாத எண். 2, 3, 5, 7, 11 போல.

1644-ல் மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். அடுக்கு 31 ஆக இருந்தால் பகா எண் வரும் என்று அதில் இருந்தது. அதாவது நம்ம 2147483647. நிரூபணம் எதுவும் அவர் தரவில்லை. பட்டியலில் தப்புகளும் இருந்தன. 67-ஐ சேர்த்திருந்தார், அது தவறு. 61, 89, 107 ஆகியவற்றை விட்டுவிட்டார். ஆனால் 31 விஷயத்தில் அவர் சொன்னது சரி என்று தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1772-ம் ஆண்டுவாக்கில் அதை நிரூபித்தவர் லியோனார்ட் ஆய்லர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்தவர். பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தகவல் வருகிறது. அந்தக் காலகட்டத்தில் ஆய்லருக்கு கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது என்பதை நினைத்தால்தான் இதன் கனம் புரியும். அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான்.

இதை வைத்து இன்னொரு அதிசயமும் செய்யலாம். 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறிய காரணிகள் 1, 2, 3. கூட்டினால் மறுபடி 6. 28-ம் அப்படித்தான்: 1+2+4+7+14. இப்படி காரணிகளைக் கூட்டினால் தானே திரும்பி வரும் எண்ணை நிறைவு எண் என்பார்கள். ரொம்ப அபூர்வம். நம்ம எண்ணை 1073741824-ஆல் பெருக்கினால் வரும் 2305843008139952128-ம் ஒரு நிறைவு எண். வரிசையில் எட்டாவது.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். 1811-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளர் பீட்டர் பார்லோ தன் புத்தகத்தில் இந்த எட்டாவது நிறைவு எண்ணைப் பற்றி எழுதினார். மனிதர்கள் கண்டுபிடிக்கப்போகும் நிறைவு எண்களிலேயே பெரியது இதுவாகத்தான் இருக்கும் என்றார். காரணம்? இதெல்லாம் வெறும் வேடிக்கை, எந்தப் பயனும் இல்லை, இதைத் தாண்டிப் போக யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு.

அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் 1876-லேயே எட்வார்ட் லூகாஸ், 2-ன் 127-ம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் 39 இலக்க எண் பகா எண் என்று காட்டிவிட்டார். 2024 அக்டோபரில் இதே வகையில் கண்டுபிடிக்கப்பட்ட பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். மெனக்கெட ஆட்கள் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

பார்வை இல்லாதவர் எப்படி நிரூபித்தார்?

கணக்கு என்றாலே அலர்ஜி என்பவர்கள் அடுத்த தலைப்புக்குத் தாவிவிடலாம், தப்பில்லை. ஆனால் இது பள்ளிக்கூட வகுத்தல் தெரிந்தாலே போதும்.

ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2147483647-க்கு அது 46,340 வரை. அதற்குள் சுமார் 4,800 பகா எண்கள் இருக்கின்றன. பத்து இலக்க எண்ணை வைத்து ஒரு நாளைக்கு 50 வகுத்தல் போட்டாலும் மூன்று மாதம் தாண்டிவிடும். ஒரு இடத்தில் தப்பினாலும் எல்லாம் வீண்.

முதலில், ஏன் 31? சுவிட்சுகளை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஆறு சுவிட்ச் ஆன் என்றால் 111111. இதை மூன்று மூன்றாக வெட்டலாம்: 111-ஐ 1001-ஆல் பெருக்கினால் 111111. சாதாரண எண்ணாகப் பெருக்கிப் பார்த்தாலும் அப்படியே வரும். சுவிட்ச் மொழியில் 111 என்றால் 7, 1001 என்றால் 9, 111111 என்றால் 63. 7×9=63. ஆக, ஒன்றுகளின் எண்ணிக்கையை சம குழுக்களாக வெட்ட முடிந்தால் எண்ணும் உடைந்துவிடும். யூடியூபின் புதிய எல்லையில் 63 ஒன்றுகள் இருக்கின்றன. மூன்று மூன்றாக வெட்டலாம் என்பதால் அது 7-ஆல் வகுபடும். பகா எண் அல்ல. 31-ஐ அப்படி வெட்ட முடியாது.

வெட்ட முடியாவிட்டால் பகா எண் நிச்சயமா? அதுவும் இல்லை. 11 ஒன்றுகள் சேர்ந்தால் 2047. அது 23×89. இங்கே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 23-ஐயும் 89-ஐயும் 22-ஆல் வகுத்தால் இரண்டுக்குமே மீதி 1. அந்த 22 என்பது 11-ன் இரு மடங்கு. இது தற்செயல் அல்ல, ஃபெர்மா என்பவரின் தேற்றத்திலிருந்து வரும் விதி. 31 ஒன்றுகள் என்றால், அதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 தந்தே ஆகணும். இன்னொரு விதி, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரணும். 23-க்கு 7 வருகிறது, 89-க்கு 1 வருகிறது, சரிதானே?

இரண்டு விதியையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும். 4,800 பகா எண்களில் சுமார் 80 தான் மிஞ்சுகின்றன! முதல் ஆள் 311. வகுத்துப் பார்த்தால் மீதி 35. அவுட். அடுத்து 1303, அப்புறம் 1489... இப்படியே 46,340 வரை. எதற்கும் மீதி பூஜ்ஜியம் வரவில்லை. எனவே அது பகா எண்.

விமானத்துக்கும் 248, இங்கேயும் 248 என்று யோசிக்கிறீர்களா? இது 8×31, அது நாட்கணக்கு. இரண்டும் ஒன்றாக அமைந்தது வெறும் தற்செயல்.

அது சரி, பகா எண்ணாக இருப்பதால் என்ன லாபம்?

கம்ப்யூட்டரின் எல்லையாக இருப்பதற்கு அது பகா எண்ணாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 16 பிட்டின் எல்லையான 32767-ஐ 7-ஆல் வகுக்கலாம். 64 பிட்டுக்கும் அதே நிலைமை என்று இப்போதுதான் பார்த்தோம். இந்த மூன்றில் 32 பிட்டுக்கு மட்டும் அதிர்ஷ்டவசமாக பகா எண் அமைந்துவிட்டது. அந்த அதிர்ஷ்டத்தை புரோகிராமர்கள் நன்றாகவே பயன்படுத்தினார்கள்.

கேம்ஸில் சீட்டுக் கலைக்கணும், பகடை உருட்டணும். கம்ப்யூட்டருக்கு சொந்தமாக பகடை உருட்டத் தெரியாது. அதனால் ஒரு தந்திரம்: ஒரு எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியை எடு. அதுதான் அடுத்த எண். 1-ல் தொடங்கினால் 16807, பிறகு 282475249, பிறகு 1622650073. அடுத்து என்ன வரும் என்று பார்த்தால் யாராலும் ஊகிக்க முடியாத மாதிரி தோன்றும்.

வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதாலும், 16807 என்பது அதற்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எண் என்பதாலும், 1 முதல் 2147483646 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒருமுறை வந்த பிறகுதான் வரிசை மறுபடி தொடங்கும். ஒன்றுகூட விடுபடாது. 1988-ல் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் என்ற இருவர் இதைக் குறைந்தபட்சத் தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார்கள். இன்றைக்கும் சி பிளஸ் பிளஸ் மொழியின் நூலகத்தில் இது இருக்கிறது. ஓடிபி, பாஸ்வேர்ட் போன்ற ரகசிய வேலைகளுக்கு மட்டும் இது லாயக்கில்லை. ஒரு எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடுமே!

2038 ஜனவரி 19, காலை 8.44

இனி எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். போனில் ஏதாவது ஒரு ஃபைலின் தேதி 01-01-1970, காலை 5.30 என்று காட்டியதைப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் பிறப்பதற்கு முன்பே எடுத்த செல்ஃபி மாதிரி இருக்கும். அது பேய் அல்ல, பூஜ்ஜியம்.

யூனிக்ஸ் வழியில் வந்த கம்ப்யூட்டர்கள் நேரத்தை மாதம், தேதி என்று வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1, சர்வதேச நேரப்படி நள்ளிரவு 12 மணியிலிருந்து எத்தனை விநாடி ஆச்சு என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். நம் நேரப்படி அது காலை 5.30. தேதி தெரியாமல் போய் பூஜ்ஜியம் என்று பதிவானால் அந்த நேரம்தான் திரையில் வரும். இந்தக் கணக்கு 2023 நவம்பரில் 170 கோடியைத் தாண்டியது.

விநாடியை எண்ண பல காலம் ஒதுக்கப்பட்ட இடம்? அதே 32 பிட். 2147483647-வது விநாடி வருவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு. அடுத்த விநாடியில் மைனஸ் சுவிட்ச் ஆன். சரி செய்யப்படாத கருவியில் தேதி 1901-ம் ஆண்டு டிசம்பருக்குப் போய்விடும்.

2000-ம் ஆண்டு பிறந்தபோது இதே போல 'ஒய்டூகே' என்று பயமுறுத்தினார்களே, ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் கேட்கலாம். ஒன்றும் ஆகாததற்குக் காரணம், பல ஆண்டுகள் ஆள் போட்டு சரி செய்ததுதான். அங்கே வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியதுதான் சிக்கல். இங்கே நேரத்தை எண்ணும் இடமே நிரம்புகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

2038 வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. எதிர்காலத் தேதியைக் கணக்குப் போடும் எந்த சாஃப்ட்வேரும் முன்னாடியே அங்கே போய்விடும். 2020-ல் 20 ஆண்டுத் தவணையில் வீட்டுக்கடன் வாங்கியவரின் கடைசி இ.எம்.ஐ. 2040-ல் வரும். ஏற்கனவே ஒரு சம்பவமும் நடந்திருக்கிறது. ஏஓஎல்சர்வர் என்ற சாஃப்ட்வேரில், 'காலாவதியே ஆகக்கூடாது' என்பதற்காக 100 கோடி விநாடி தள்ளி ஒரு கெடு வைத்திருந்தார்கள். 2006 மே 13 அன்று, அந்த நொடியோடு 100 கோடியைக் கூட்டினால் 2147483647-ஐத் தாண்டியது. கெடு எதிர்காலத்துக்குப் பதில் இறந்தகாலத்துக்குப் போக, சாஃப்ட்வேர் படுத்துவிட்டது. யாரும் எதையும் மாற்றவில்லை. நேரம் மட்டும்தான் நகர்ந்தது.

நம்ம போனுக்கு ஆபத்தா?

கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய ஸ்மார்ட்போன், லேப்டாப் என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். ஆப்பிள் 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோதே 32 பிட் ஆப்களுக்கு விடை கொடுத்துவிட்டது. கூகுள் பிளே ஸ்டோரும் 2019 ஆகஸ்ட் முதல் 64 பிட்டைக் கட்டாயமாக்கியது. 64 பிட்டில் விநாடியை எண்ணினால் 29,200 கோடி ஆண்டுகள் வரை தாங்கும். பிரபஞ்சத்தின் வயதைப் போல 20 மடங்குக்கும் மேல்.

கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத கம்ப்யூட்டர்களைப் பற்றி. தொழிற்சாலை மெஷினுக்குள், பழைய ரவுட்டருக்குள், காருக்குள், பாதுகாப்பு கேமராவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன 32 பிட் சிப்புகள். போனை மூன்று வருடத்தில் மாற்றுகிறோம். சுவரில் பதித்த கட்டுப்பாட்டுப் பெட்டியை யார் மாற்றுகிறார்கள்? பலவற்றுக்கு அப்டேட் அனுப்ப வழியே கிடையாது. செய்த நிறுவனமே இன்று இல்லாமல் போயிருக்கலாம். இந்தக் கருவிகளில் பல லினக்ஸில் ஓடுகின்றன. லினக்ஸ் தரப்பில் 32 பிட் சிப்புகளிலும் நேரத்தை 64 பிட்டில் எண்ணும் வேலை 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில் பெருமளவு முடிந்தது. ஆனால் அதற்கு முந்தைய பதிப்போடு விற்கப்பட்டவை அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. 15, 20 வருடம் உழைக்கணும் என்று இன்றைக்கு ஒரு கருவியை வாங்குபவர்கள், 2038-க்குப் பிறகான தேதியை ஏற்குமா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குவது நல்லது. ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, அலுவலகப் பொறுப்பில் இருப்பவர்கள் இதை எழுத்தில் வாங்கினால் இன்னும் நல்லது.

சில இடங்களில் குறுக்கு வழியும் உண்டு. நேரத்துக்கு மைனஸ் எதற்கு என்று, அந்த ஓரத்து சுவிட்சையும் எண்ணுவதற்கே பயன்படுத்திக்கொண்டார்கள். இடம் இரட்டிப்பாகிவிட்டது. பிரச்னை தீரவில்லை, 2106 பிப்ரவரி 7-ம் தேதிக்குத் தள்ளிப் போயிருக்கிறது.